வசந்த நாற்றில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பனி முழுசாக விலகியிருக்காது. அதற்குள் விதைப் பொட்டலத்தைப் பிரித்து, தட்டில் தூவி, ஜன்னலோரம் வைத்துவிட்டு, தினமும் காலையில் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். வசந்தத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தோட்டக்காரருக்கு இதைவிட நல்ல நாட்கள் கிடையாது. கோளாறுகள் கிளம்புவதும் இதே நாட்களில்தான்.

வருடா வருடம் என்னிடம் வரும் நாற்றுகளில் ஒரே மாதிரியான ஏழெட்டுக் கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கொண்டுவருபவர் பெரும்பாலும் அதற்குள் எதையாவது ஊற்றியிருப்பார்: கொஞ்சம் உரம், கொஞ்சம் பூச்சிமருந்து, இல்லாவிட்டால் இன்னொரு குவளைத் தண்ணீர். ஊற்றியதே இரண்டாவது கோளாறாக மாறி, முதல் கோளாறு என்னவென்று தெரியாமல் போயிருக்கும். அதனால் முதல் வேண்டுகோள்: காரணம் தெரியும்வரை எதையும் ஊற்றாதீர்கள்.

கீழே உங்கள் நாற்றில் தெரியும் அறிகுறியைத் தேடி, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காரணங்களைச் செலவில்லாததிலிருந்து செலவு பிடிப்பது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே பார்த்து வாருங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

தட்டின் எடை. தண்ணீர் விட்டு, நன்றாக வடிந்த பிறகு தட்டை ஒரு முறை தூக்கிப் பாருங்கள். காய்ந்த பிறகு இன்னொரு முறை. அந்த வித்தியாசம் கைக்குப் பழகிவிட்டால், அப்புறம் விரலை விட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை. மேல் மண் வெளுத்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். கண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம்.

மண்ணின் சூடு. அறையின் சூடு வேறு, தட்டில் இருக்கும் கலவையின் சூடு வேறு. அறையில் 22 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே, ஜன்னல் திட்டில் இருக்கும் தட்டின் கலவை இரவில் 15 டிகிரிக்கு இறங்கியிருக்கலாம். ஒரு வெப்பமானியைக் கலவையில் செருகி, விடிகாலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் பாருங்கள்.

வெளிச்சம். நடுப்பகலில் நாற்றுக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் வெளிச்சம் போதும். மங்கலாகக் கலைந்து விழுந்தால் போதாது. நம் கண் அரைகுறை வெளிச்சத்துக்கும் பழகிவிடும் என்பதால், ‘அறை பளிச்சென்றுதானே இருக்கிறது’ என்று தோன்றுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

## அறிகுறி: விதை முளைக்கவே இல்லை

### நாள் ஆகிவிட்டதா?

தக்காளி 5 முதல் 10 நாளில் தலைகாட்டும். மிளகாய்க்கு 8 நாளும் ஆகும், 3 வாரமும் ஆகும். பார்ஸ்லி 3, 4 வாரம்கூடக் காக்க வைக்கும். இதெல்லாம் கலவை போதுமான சூட்டில் இருந்தால். குளிர்ந்த தட்டில் இரண்டு மடங்கு நாள் பிடிக்கும். மிளகாயைப் பத்தாம் நாளில் கொட்டிவிட்டு வேறு விதை வாங்கப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொட்டிய இடத்திலேயே அது முளைத்து நிற்கும்.

### நாள் தாண்டிவிட்டது என்றால், ஒரு விதையைத் தோண்டி எடுங்கள்

பல் குத்தும் குச்சியால் மெதுவாகக் கிளறி, இரண்டு மூன்று விதைகளை வெளியே எடுத்து, நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். கீழே சொல்லும் நான்கு நிலைகளில் ஒன்றாக இருக்கும்.

*விதை போட்டபடியே காய்ந்து கிடக்கிறது.* ஈரம் சேரவில்லை. தென்னை நார்க்கழிவும் பீட் கலவையும் ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால், மேலிருந்து விடும் தண்ணீரைப் பக்கவாட்டில் வழியவிட்டு உள்ளே வறண்டே இருக்கும். தட்டை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பாத்திரத்தில் அரை மணி நேரம் உட்காரவைத்தால் அடியிலிருந்து இழுத்துக்கொள்ளும். மேலே ஒரு கண்ணாடித் தகடோ பாலித்தீன் தாளோ மூடி, முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

*உப்பி, கெட்டியாக இருக்கிறது.* நல்ல செய்தி. விதை உயிரோடு இருக்கிறது, சூடு போதவில்லை. மிளகாய், கத்தரிக்கு 25 முதல் 30 டிகிரி, தக்காளிக்கு 20 முதல் 27 டிகிரி இருந்தால் வேகமாக வரும். ஃபிரிட்ஜின் மேல்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தால் அதுவே போதும். அது சரிவராவிட்டால்தான் தட்டுக்கு அடியில் விரிக்கும் சூடேற்றும் விரிப்பு. வாங்கினால் வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கருவியோடு வாங்குங்கள். அது இல்லாத விரிப்பு விதையை வேகவைத்துவிடும்.

லெட்டூஸுக்கு இது தலைகீழ். 15 முதல் 20 டிகிரியில் சுகமாக முளைக்கும், 27 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்கள் அப்படியே உறங்கிவிடும். மிளகாய்த் தட்டையும் லெட்டூஸ் தட்டையும் ஒரே விரிப்பில் வைத்தால் ஏதோ ஒன்று கோபித்துக்கொள்ளும்.

*அழுத்தியதும் நசுங்கி, உள்ளே குழம்பாக இருக்கிறது.* அழுகிவிட்டது. ஈரம் அதிகம், சூடு குறைவு, இரண்டும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். அந்தக் கலவையைத் தோட்டத்தில் கொட்டிவிட்டுப் புதுக் கலவையில் விதையுங்கள். தட்டின் அடித் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

*விதையே காணோம்.* எலி, எறும்பு. இல்லாவிட்டால் மேலிருந்து வேகமாக ஊற்றிய தண்ணீர் அதை மூலைக்கு அடித்துக்கொண்டு போயிருக்கும். ஒரு ஓரத்தில் மட்டும் கொத்தாக முளைத்தால் தண்ணீர்தான் காரணம்.

### ஈரமும் சூடும் சரியாக இருந்தும் வரவில்லை

புதைத்த ஆழத்தைப் பாருங்கள். விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் போதும். பெட்டூனியா, செலரி, லெட்டூஸ் போன்ற பொடி விதைகளுக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கத் தோன்றும். அவற்றைக் கலவை மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்தி, அப்படியே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது, தோல் கெட்டியான விதை. சுவீட் பீ, மார்னிங் குளோரி போன்றவற்றை ஓர் இரவு ஊறவைத்தோ உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாக உரசியோ விதைத்தால் வழிக்கு வரும். லாவெண்டர், எக்கினேசியா போன்றவை ஒரு குளிர்காலத்தைக் கடந்தோம் என்று நம்பினால்தான் ஒழுங்காகத் தலைதூக்கும். ஈரத் தாளில் சுற்றி, மூடிய பையில் போட்டு, நான்கிலிருந்து எட்டு வாரம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது.

கடைசியாக விதையின் வயது. வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்தில் சோர்ந்துவிடும். மிளகாய் இரண்டு மூன்று வருடம், தக்காளி நான்கைந்து வருடம், வெள்ளரி அதற்கும் மேல் தாங்கும். சந்தேகம் இருந்தால் 10 விதைகளை ஈரமான காகிதத் துண்டில் சுருட்டி, மூடியில்லா டப்பாவில் தளர்வாக ஒரு பையால் போர்த்தி, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். 8 முளைத்தால் கவலை வேண்டாம். 5 முளைத்தால் இரண்டு மடங்கு தூவுங்கள். 2, 3தான் என்றால் புது விதை வாங்கத்தான் வேண்டும். இந்தச் சோதனையை விதைப்புக்கு ஒரு மாதம் முன்னாலேயே செய்துவிட்டால் ஒரு பருவத்தை மிச்சப்படுத்தலாம்.

## அறிகுறி: முளை வந்தது, விதைத்தோல் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது

ஆழம் குறைவாக விதைத்தது, அல்லது மேல் மண் காய்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரை அந்தத் தோலின்மேல் வைத்து, கால் மணி நேரம் கழித்து இடுக்கியால் மெதுவாக விரித்து விடுங்கள். கழலவில்லை என்றால் மறுபடி நனைத்துவிட்டு நாளைக்குப் பாருங்கள். இழுத்தால், முளையில் முதலில் விரியும் விதையிலையோடு வந்துவிடும். அந்த நாற்று அதோடு முடிந்தது.

## அறிகுறி: நாற்று நெடுநெடுவென்று வெளுத்து வளர்ந்து சாய்கிறது

இதில் குழப்பமே இல்லை. 10க்கு 9 முறை வெளிச்சம் போதாததுதான். மீதி ஒன்றில் வெளிச்சம் சரியாக இருந்து, சூடு அதிகமாகியிருக்கும்.

ஒரே பக்கம் சாய்கிறதா? ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக வருகிறது. தட்டைத் தினமும் திருப்பி வையுங்கள். பின்னால் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி அடிக்கும். செலவே இல்லாத இந்த அட்டை செய்யும் உதவியைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

நேராகத்தான் நிற்கிறது, ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி அதிகமா? முளைத்த பிறகும் சூடேற்றும் விரிப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். முளை வெளியே வந்ததும் அதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை. பகலில் 18 முதல் 21 டிகிரியும் இரவில் கொஞ்சம் குறைவாகவும் இருந்தால் தண்டு தடிக்கும்.

இரண்டும் சரிவரவில்லையா? எல்.இ.டி. விளக்குதான் வழி. செடி வளர்ப்புக்கென்று தனியாக விற்கும் விலையுயர்ந்த விளக்குதான் வேண்டும் என்றில்லை. நாற்றுப் பருவத்துக்குச் சாதாரண வெள்ளை நிறக் குழல்விளக்கே போதும். நாற்றின் உச்சியிலிருந்து முக்கால் அடி முதல் ஒரு அடிக்குள் தொங்கவிட்டு, நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். இரவு முழுவதும் எரியவிட வேண்டாம், இருட்டும் தேவை. இலை நுனி வெளுத்தால் விளக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

ஏற்கெனவே நெடுத்துவிட்ட நாற்றைக் காப்பாற்ற முடியுமா? தக்காளியானால் தாராளமாக முடியும். வேறு தொட்டிக்கு மாற்றும்போது விதையிலைக்கு அருகே வரை தண்டைப் புதைத்துவிடுங்கள். புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். மிளகாயையும் கத்தரியையும் இரண்டு விரற்கடை அளவு ஆழமாக வைக்கலாம், அதற்குமேல் பயனில்லை. வெள்ளரி, பூசணி வகைகளைப் பழைய ஆழத்திலேயே வையுங்கள். அவற்றை மறுபடி விதைப்பதுதான் புத்திசாலித்தனம், ஒரு வாரத்தில் பழைய நாற்றைப் பிடித்துவிடும்.

இதில் நாள் கணக்கும் ஒன்று இருக்கிறது. பலர் ஆசையில் மிகவும் முன்னதாகவே விதைத்துவிடுகிறார்கள். உங்கள் இடத்தில் கடைசி உறைபனி வழக்கமாக எந்த வாரம் வரும் என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், மிளகாய்க்கு 8 முதல் 10 வாரம், வெள்ளரி வகைகளுக்கு 3, 4 வாரம். 12 வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்த நெட்டைத் தக்காளியைவிட 6 வாரக் குட்டைத் தக்காளி முன்னதாகக் காய்க்கும்.

## அறிகுறி: நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று படுத்துவிட்டது

குனிந்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். வழி அங்கேதான் பிரிகிறது.

### தண்டு அந்த இடத்தில் கெட்டியாக, பச்சையாக இருக்கிறது

தட்டைத் தூக்குங்கள். லேசாக இருந்தால் தாகம். அடியிலிருந்து தண்ணீர் கொடுத்தால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். கனமாக இருந்தும் வாடியிருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. ஒரு குழியிலிருந்து நாற்றை மண்ணோடு தள்ளி எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இனிமேல் தண்ணீரைக் குறைத்தாலே பிழைக்கும். பழுப்பாகி, தொட்டதும் மேல்தோல் உருவிக்கொண்டு நூல்போல் மிஞ்சினால் வேரழுகல். அதைத் தேற்ற முடியாது.

### தண்டு மண்மட்டத்தில் இற்று, நூலாக மெலிந்து, நனைந்தாற்போல் இருக்கிறது

நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற, மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களும் செய்யும் வேலை. மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும், அடி மட்டும் அறுந்துபோயிருக்கும். தட்டின் ஒரு இடத்தில் ஆரம்பித்து வட்டமாகப் பரவும். விழுந்த நாற்றை எந்த மருந்தும் எழுப்பாது. மீதியைக் காப்பாற்றும் வேலை மட்டும்தான் நம் கையில்.

உடனே செய்ய வேண்டியவை: விழுந்தவற்றையும் அவற்றைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு இருக்கும் நாற்றுகளையும் மண்ணோடு ஒரு கரண்டியால் அள்ளி வெளியேற்றுங்கள். மூடியை எடுத்துவிடுங்கள். சின்ன மின்விசிறியை நாற்று லேசாக அசையும் அளவுக்குத் தள்ளிவையுங்கள். மேல் மண் காயும்வரை தண்ணீர் கூடாது, காய்ந்த பிறகும் அடியிலிருந்து மட்டும். நெருக்கமாக முளைத்திருந்தால் கத்தரிக்கோலால் வெட்டிக் களையுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அறும், அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறும்.

அடுத்த விதைப்புக்கு முன்னால் தட்டுகளைத் தேய்த்துக் கழுவி, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் மூழ்கவைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். தோட்ட மண்ணை நாற்றுத் தட்டில் போடாதீர்கள். ஆசையாக இடும் அரைகுறை மக்கிய எருவும் இந்தப் பூஞ்சைக்கு விருந்துதான். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கிலோ விதைக்கு 4 கிராம் என்று விதைக்குமுன் விதையில் கலந்து விதைநேர்த்தி செய்வது நல்ல பழக்கம். வீட்டுத் தோட்டத்துச் சிறு பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகையே அதிகம். ஆனால் அது வருமுன் காக்கும். நாற்று விழ ஆரம்பித்த பிறகு அதைக் கரைத்து ஊற்றி அற்புதம் எதிர்பார்க்கக் கூடாது.

எப்போது நிபுணரிடம் போக வேண்டும்? புதுக் கலவை, கழுவிய தட்டு, புது விதை எல்லாம் மாற்றியும் மூன்றாம் முறையும் விழுந்தால். அல்லது விற்பனைக்காகத் தட்டுத் தட்டாக வளர்ப்பவராக இருந்து, ஒரே வாரத்தில் பல தட்டுகளில் பரவினால். பயிர் நோய் ஆய்வகத்துக்கு எடுத்துப் போகும்போது முழுக்கச் செத்த நாற்று உதவாது. பாதி பாதித்த நாற்றை வேரோடும் மண்ணோடும் காகிதத்தில் சுற்றி, வெயில் படாமல் கொண்டுபோங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். திறந்த தொட்டித் தண்ணீரிலிருந்தே நோய் வருவதுண்டு.

## அறிகுறி: இலை நிறம் மாறுகிறது

அடியில் இருக்கும் முதல் ஜோடி மட்டும் மஞ்சளாகிறது. அவை விதையிலைகள். வேலை முடிந்து உதிர்கின்றன. ஒன்றும் செய்ய வேண்டாம்.

கீழ் இலையிலிருந்து மேல்நோக்கி முழுசாக வெளுக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) தீர்ந்துவிட்டது. விதைக்கலவையில் சத்து குறைவாகத்தான் இருக்கும். இரண்டு ஜோடி நிஜ இலைகள் வந்த பிறகு, திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் நான்கில் ஒரு பங்காகக் கலந்து, வாரம் ஒரு முறை கொடுங்கள். ஈர மண்ணில்தான் கொடுக்க வேண்டும்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், ஓயாத ஈரமோ சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரோ அதை எடுக்கவிடாமல் தடுக்கும். முதலில் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். தேறாவிட்டால் மழைத்தண்ணீருக்கு மாறுங்கள். அதன்பிறகுதான் இரும்புச்சத்து மருந்து.

இலையின் அடிப்பக்கம் ஊதா. தக்காளியில் அடிக்கடி காணலாம். குளிர்ந்த மண்ணில் வேரால் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) சரியாக எடுக்க முடியாது. உரம் போடாதீர்கள், தட்டைச் சூடான இடத்துக்கு மாற்றுங்கள். புது இலை பச்சையாக வந்தால் அதுதான் காரணம்.

நுனி பழுப்பாகிக் கருகுகிறது, மண் மேல் வெள்ளைப் படலம். உரம் அதிகமாகி உப்பு தங்கிவிட்டது. நல்ல தண்ணீரைத் துளை வழியாக ஓடி வடியும்வரை விட்டு அலசுங்கள். வெள்ளைப் படலம் பஞ்சுபோல் இருந்தால் அது உப்பு இல்லை, வெறும் பூசணம். மேல் மண்ணைக் கிளறிக் காற்றாடவிட்டால் போய்விடும்.

## அறிகுறி: தட்டைத் தொட்டால் சின்னச் சின்னக் கறுப்பு ஈ பறக்கிறது

ஈரமான கலவையில் முட்டையிடும் ஈ இது. பறப்பது ஒன்றும் செய்யாது, மண்ணுக்குள் இருக்கும் புழுதான் இளம் வேரைக் கடிக்கும். ஒரு உருளைக்கிழங்கு வில்லையை மண்மேல் வைத்து இரண்டு நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கறுத்த தலையுள்ள கண்ணாடி போன்ற புழுக்கள் ஒட்டியிருந்தால் உறுதி. மேல் மண்ணை ஒரு அங்குலம் காயவிடுவதே பாதி வைத்தியம். மஞ்சள் ஒட்டுப்பொறி பறப்பதைப் பிடிக்கும். அப்படியும் தீராவிட்டால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியாக் கலவையைத் தண்ணீரில் கலந்து வாரம் ஒரு முறையாக மூன்று நான்கு வாரம் ஊற்றுங்கள். ஒரு முறை ஊற்றிவிட்டு நிறுத்தினால் அடுத்த தலைமுறை வந்து நிற்கும்.

## அறிகுறி: புது இலை சுருண்டு, முறுக்கி, உருமாறி வருகிறது

முதலில் இலையைத் திருப்பி, ஒரு பூதக்கண்ணாடியால் அடிப்பக்கம் பாருங்கள். அசுவினி, இலைப்பேன், சிலந்திப்பேன் மூன்றுமே இளந்தளிரைச் சுருட்டும். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே கழுவிவிடலாம். மற்றவற்றுக்குப் பூச்சிக்கொல்லி சோப்போ வேப்பெண்ணெயோ போதும். அந்தி நேரத்தில் தெளியுங்கள். முதலில் ஒரே ஒரு நாற்றில் தெளித்து ஒரு நாள் பாருங்கள்.

பூச்சியே இல்லை, இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக இருக்கிறது என்றால் நச்சுயிரி (வைரஸ்) நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அந்த நாற்றைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மற்றவற்றைத் தொடுங்கள்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. தக்காளி இலை பெரணி இலைபோல் குறுகி, நுனி கிண்ணமாகக் குவிந்து வருகிறது, அதுவும் எரு கலந்த தொட்டிகளில் மட்டும். இது களைக்கொல்லி மிச்சம். அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற மருந்துகள் புல்லில் தெளிக்கப்பட்டு, மாட்டின் வயிறு வழியாக வந்து, எரு மக்கிய பிறகும் வீரியம் போகாமல் இருக்கும். எரு கறுப்பாக, மண்வாசனையோடு அருமையாக இருந்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி பீன்ஸ் சோதனை. சந்தேகப்படும் எருவைக் கலவையோடு சரிபாதி கலந்து மூன்று தொட்டி, அந்த எரு இல்லாமல் அதே கலவையில் மூன்று தொட்டி. எல்லாவற்றிலும் பீன்ஸ் அல்லது பட்டாணி விதைத்து, ஒரு தொட்டியின் வடிதண்ணீர் இன்னொன்றில் படாமல் தள்ளிவைத்து, இரண்டு மூன்று வாரம் வளரவிடுங்கள். எருத் தொட்டியில் மட்டும் புது இலை சுருண்டால் அந்த எருவைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். வசந்தத்துக்கு ஒரு வண்டி எரு இறக்கும் எல்லாரும் பரப்புவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்பது என் திடமான கருத்து. பரப்பிய பிறகு திரும்ப எடுக்க முடியாது. ஏற்கெனவே பரப்பிவிட்டீர்கள் என்றால், அது வேளாண் அலுவலரிடமும் ஆய்வகத்திடமும் போக வேண்டிய நேரம். எரு வாங்கிய ரசீதையும் ஒரு பை எருவையும் பத்திரமாக வைத்திருங்கள்.

## அறிகுறி: வெளியே வைத்ததும் நாற்று கெட்டுவிட்டது

இலையில் காகிதம்போல் வெள்ளைத் திட்டு. வெயில் சுட்டுவிட்டது. வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு நேர்வெயிலும் காற்றும் தெரியாது. முதல் நாள் நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, 7 முதல் 10 நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். சுட்ட இலை தேறாது. குருத்து பச்சையாக இருந்தால் செடி தேறிவிடும், நிழலில் ஒரு வாரம் வையுங்கள்.

வாடவில்லை, சாகவில்லை, வளரவும் இல்லை. மண் குளிர்ச்சி. தக்காளிக்கு நிலத்தின் சூடு 15 டிகிரியாவது வேண்டும், மிளகாய்க்கு இன்னும் கொஞ்சம் அதிகம். இரவுச் சூடு 10 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் தொட்டிகளை உள்ளே எடுத்து வையுங்கள். பகல் வெயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

விடிந்து பார்த்தால் இலை கறுத்துத் தொங்குகிறது. உறைபனி. அவசரப்பட்டு வெட்டாதீர்கள். தக்காளியின் அடிக்கணு பச்சையாக இருந்தால் பத்து நாளில் பக்கக்கிளை வரும். வெள்ளரியும் துளசி வகைகளும் பெரும்பாலும் திரும்பாது. மறுபடி பனி வரும் என்று அறிவித்தால், சூரியன் இறங்குமுன் துணியால் தரைவரை மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பாலித்தீன் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும், குச்சி நட்டு உயர்த்திப் போடுங்கள். மாலையில் மண் ஈரமாக இருந்தால் இரவில் சூட்டைக் கூடுதலாகத் தேக்கிவைக்கும்.

தண்டு தரையோடு அறுபட்டுக் கிடக்கிறது. நாற்றழுகலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வெட்டு சுத்தமாக இருந்தால் வெட்டுப்புழு. அறுபட்ட செடியைச் சுற்றி ஒரு அங்குலம் தோண்டினால் சுருண்டு கிடக்கும். அட்டைச் சுருளைத் தண்டைச் சுற்றி வளையமாக்கி, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி செருகினால் மீதி செடிகள் தப்பும். பளபளவென்று சளித்தடம் இருந்தால் நத்தை. இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் நிச்சயமான வழி.

## அறிகுறி: கிழங்குப் பூச்செடிகளில் இலை வந்தது, பூ வரவில்லை

போன வருடம் பூ முடிந்ததும் இலையை அறுத்தீர்களா? பூவுக்குப் பிறகு 6 வாரமாவது அந்த இலை வெயிலில் இருந்தால்தான் கிழங்கு அடுத்த பூவுக்குச் சேர்த்துவைக்கும். அறுக்கவில்லை என்றால், டாஃபோடில் நெருக்கமாகிவிட்டதா பாருங்கள். இலை காய்ந்ததும் தோண்டிப் பிரித்து நடலாம். துலிப்பானால் குளிர் போதாமல் இருந்திருக்கலாம், 12 முதல் 16 வாரம் 9 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரூட்டுபவர்கள் ஆப்பிளோடு வைக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூமொட்டைக் கொன்றுவிடும்.

## அறிகுறி: எல்லாம் துளிர்த்துவிட்டது, ஒரு செடி மட்டும் மொட்டையாக நிற்கிறது

மாதுளை, அத்தி, திராட்சை எல்லாம் நிதானமாகத்தான் கண் விழிக்கும். கிளையில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். தோலுக்கடியில் ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, காத்திருங்கள். பழுப்பாக உலர்ந்திருந்தால் ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி கீறுங்கள். பச்சை தெரியும் பகுதியில், ஒரு மொட்டுக்குச் சற்று மேலாக வெட்டுங்கள். ஆனால் பெரிய இலை ஹைட்ரேஞ்சியாவில் கை வைக்காதீர்கள். அதன் பூமொட்டு போன வருடத்துக் கிளையில்தான் இருக்கும், மொட்டு வீங்கும்வரை எது செத்தது என்று முடிவு செய்ய முடியாது.

தரைவரை பழுப்பாகவே இருந்தாலும் உடனே தோண்டிவிட வேண்டாம், வேரிலிருந்து புதிதாகக் கிளம்பலாம். ஒட்டு ரோஜாவானால் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் கிளை நீங்கள் வாங்கிய ரோஜா இல்லை, அடிச்செடி. அதற்காகக் காத்திருந்து பயனில்லை.

பெரிய மரம் என்றால் கீறிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிமரத்தில் காளான் முளைத்திருந்தால், தண்டில் நீளவாக்கில் புதிதாக வெடிப்பு இருந்தால், ஒரு பக்கம் மண் தூக்கிக்கொண்டு மரம் சாய ஆரம்பித்திருந்தால், காய்ந்த கிளை கூரைக்கோ நடைபாதைக்கோ மேலே தொங்கினால், மரப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவரை அன்றைக்கே கூப்பிடுங்கள். மின்கம்பியை ஒட்டிய கிளையானால் முதலில் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். ஏணி போட்டு நீங்களே ஏறாதீர்கள். வருபவர் பார்ப்பதற்கு வசதியாக, வெடிப்பின் இரண்டு முனைகளிலும் சாக்பீஸால் தேதியோடு ஒரு கோடு போட்டுவையுங்கள். அவர் வருவதற்குள் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் மரத்தடியில் யாரையும் நிற்கவிடாதீர்கள்.